அமிர்தியில் வந்த வெள்ளை வால்

என் வீட்டுக்காரருக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோலில் குறை கண்டுபிடிக்கிற வேலை. தன் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்பார்.

நீளமான வெள்ளை வால் கொண்ட அரசவால் ஈப்பிடிப்பானை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. அதற்காகத்தான் இன்று காலை அமிர்திக் காட்டுக்குப் போனோம்.

அருவிக்கு நடக்கும் வழியில் சட்டென்று நின்றார்.

"ஆந்தை! கம்முனு இரு, மூச்சுகூட விடாத" என்று பைனாகுலரைத் தூக்கினார்.

ஆந்தை அசையவே இல்லை. இவரும் அசையவில்லை.

அப்போதுதான் அவருக்குப் பின்னால் ஒரு தாழ்ந்த கிளையில், வெள்ளை வால் தொங்க, அந்தப் பறவையே வந்து உட்கார்ந்தது. அவர் முதுகைத் தட்டினேன். என் கையைத் தள்ளிவிட்டார். போனில் ஒரு படம் எடுத்தேன். அது பறந்துவிட்டது.

ஆந்தை என்று நினைத்தது பட்டுப்போன கிளையின் முண்டு. படத்தைக் காட்டியதும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"இன்னா நீ, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்கதான மூச்சுகூட விடாதன்னீங்க?"

பாவமாகத்தான் இருந்தது. மதியம் வரை அதே இடத்தில் அவரோடு உட்கார்ந்திருந்தேன். பறவை திரும்பி வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் படத்தை அனுப்பச் சொன்னார். இப்போது அது அவருடைய ஸ்டேட்டஸில் இருக்கிறது: 'அமிர்தியில் இன்று நாங்கள் பார்த்த அரசவால் ஈப்பிடிப்பான்.'

நாங்களாம்!

இதற்கு நான் என்ன பதில் போடுவது? நீங்களே சொல்லுங்கள்.