பிரேசிலுக்குப் பனி கேட்டவர்

காளியாயி அக்கா காப்பிச் செடியின் இலையைப் புறங்கையால் தடவிப் பார்க்கிறார். ஒரு செடி, அடுத்த செடி, அதற்கடுத்தது. மார்கழிக் குளிரில் எங்கள் மலைக்கிராமம் வெள்ளக்கடையே போர்வைக்குள் கிடக்க, இவர் மட்டும் செருப்பில்லாமல் ஈரப்புல்லில் நிற்கிறார். முக்கால் ஏக்கர் தோட்டம், பாதிப் பழம் இன்னும் செடியில்தான் இருக்கிறது. எங்கேயும் உறைபனி விழவில்லை என்று கைக்குத் தெரிந்த பிறகுதான் அடுப்பைப் பற்ற வைப்பார்.

ஐம்பது வயது, ஒல்லி உடம்பு, ஓரிடத்தில் தரிக்காத கால். பேசிக்கொண்டே வேலியில் காய்ந்த கொடியைப் பிய்ப்பார். எதிரே நிற்பவர் சட்டையில் நூல் ஒட்டியிருந்தால் அதையும் எடுத்துப் போடுவார். நான் இங்கே பள்ளிக்கூட வாத்தியார். எனக்கு வருகிற ஒருநாள் பழைய பேப்பரை நான் பிரிப்பதற்குள் வாசலில் வந்து நிற்பார்.

"பெரசீல்ல எப்படீங்க சார்?"

எல்லாம் ஒரு வேண்டுதலால் வந்த வினை. அதற்கு முன் நாலைந்து வருஷமாகக் காப்பிக்கு விலையே இல்லை. 'உலகத்துக்கே காப்பி விளைகிற பிரேசிலில் பனி கொட்டினால்தான் நமக்கு விடியும்' என்று டவுன் வியாபாரிகள் சொல்லிச் சொல்லி, மலை முழுக்க அதே பேச்சாகிவிட்டது. மற்றவர்கள் பேசியதோடு சரி. அக்கா போன வைகாசியில் மலையுச்சிக் கோயிலில் சேர்வராயன் சாமி முன்னால் நின்று, "பெரசீல்ல பனி கொட்டோணும் சாமி, உனக்குப் பொங்க வெக்கறேன்" என்று வேண்டிக்கொண்டார். அவ்வளவு சுத்தமாக விலாசம் சொல்லி வேறு யாரும் வேண்டியிருக்க மாட்டார்கள்.

ஆனியில் கொட்டியது. நமக்கு மழை தொடங்கும்போது அங்கே குளிர்காலம். ஆனாலும் அப்படியொரு குளிர் பல வருஷமாக இல்லையாம். இரண்டு வாரத்துக்குள் இரண்டு தடவை. செடிகள் நெருப்பு வைத்ததுபோலக் கருகிவிட்டன என்று 94 ஜூலைப் பேப்பரில் வந்தது. இங்கே விலை எகிறியது, மலையில் வெடி போடாத குறைதான். அக்கா வீட்டிலும் புல்லுக்கூரை போய் ஓடு வந்தது.

"மேல பாத்தா ஓடு தெரியுதுங்க. கண்ண மூடுனா அவிங்க கருகுன செடி தெரியுதுங்க. எப்படீங்க தூங்கறது?"

கணவர் செல்லப்பனுக்குக் கவலை வேறு. "கேட்டதச் சாமி குடுத்திருச்சு. பொங்க வெக்காம ஏமாத்துனா அதே பனிய நம்ம தோட்டத்துல எறக்கீரும், பாத்துக்க" என்கிறார். பொங்கல் வைத்தால், அந்தப் பனியைக் கேட்டு வாங்கியவள் தான்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்று அக்காவுக்கு நடுக்கம். ஆறு மாதமாக இருதலைக்கொள்ளி எறும்பாகத் தவித்தார்.

படித்தவன் என்ற மிதப்பில் நான் ஆறுதல் சொல்லப் போனேன். ஆலைப் புகையும் வண்டிப் புகையும் சேர்ந்து பூமி சூடாகிறதாம், பருவமெல்லாம் தடுமாறும் என்று விஞ்ஞானிகள் பயப்படுகிறார்கள், உங்கள் வேண்டுதல் என்ன செய்யும் என்றேன்.

"சூடாகுதுன்னா பனி ஏனுங்க கொட்டுச்சு?"

அது இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை என்று மழுப்பினேன்.

"புகைய உட்டது யாருங்க?"

"எல்லாருந்தான்."

"அப்ப எல்லாருஞ் சேந்து கேட்டிருக்கறமுங்க."

அவரைத் தேற்றப் போய் என் தூக்கத்தையும் தொலைத்ததுதான் மிச்சம்.

சென்ற செவ்வாய்க்கிழமை விடிகாலையில் அக்காவின் அலறல் கேட்டு ஓடினேன். ஓடையோரத்துச் செடிகளின்மேல் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. "வந்திருச்சுங்க சார், வந்திருச்சு!" கிட்டே போய்ப் பார்த்தால் சிலந்தி வலைகள், ஈரம் கோத்து வெளுத்திருந்தன. நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அக்கா அப்படியே செடியடியில் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

"ஒண்ணுமில்லாததுக்கே எனக்கு நெஞ்சு நின்னு போச்சுங்க. அவிங்களுக்கு நெசமாவே போயிருச்சுங்களே" என்றார். பிறகு செடியைப் பிடித்து எழுந்து, "நாளைக்கே கோயிலுக்குப் போயிரலாமுங்க. நீங்களும் வாங்க" என்றார்.

மறுநாள் மலையுச்சிக் கோயிலில் பொங்கல் பொங்கியது. படையல் வைத்து, தீபம் காட்டி, செல்லப்பன் நிம்மதியாகத் திருநீறு பூசிக்கொண்டார். அக்கா என் பக்கம் வந்தார்.

"பெரசீலு எந்தப் பக்கமுங்க சார்?"

எனக்கும் தோராயம்தான். மேற்கே கையைக் காட்டினேன்.

சாமிக்கு முதுகைக் காட்டாதே என்று பூசாரி அதட்ட அதட்ட, அக்கா அந்தப் பக்கம் திரும்பி நின்றார். எதிரே பள்ளத்தாக்கும் வெயிலும்தான் இருந்தன. அதைப் பார்த்துப் பளார் பளாரென்று இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.