முந்தி வந்த வரி

தீவின் கிழக்கே, தெம்பனிஸில் பதினோராம் மாடி வீடு. சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் கணினியை வைத்துக்கொண்டு பத்தொன்பது வருடமாக முனீரா ஒரே வேலையைத்தான் செய்கிறாள்: தமிழ்ப் படங்களுக்கும் தொடர்களுக்கும் ஆங்கில சப்டைட்டில் போடுவது. எழுதுவது பெரிய வித்தை இல்லை என்பாள். எந்த நொடியில் வரியைத் திரையில் விடுவது என்பதற்குத்தான் சம்பளம். அதிலும் மனசோடு விளையாடுகிற திரில்லர் என்றால், நிறுவனத்து மேலாளர் சுசீலா வேறு யாரையும் நம்பமாட்டார்.

அந்த மாதிரிப் படங்களில் கத்தியும் ரத்தமும் கடைசிப் பத்து நிமிடத்துக்குத்தான். அதுவரை ஆளை நாற்காலியில் கட்டிப்போடுவது எது? முனீராவைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வாள், மௌனம் என்று. பெண்டாட்டி ஒரு கேள்வி கேட்கிறாள். புருஷன் பதில் சொல்ல இரண்டு நொடி எடுக்கிறான். அந்த இரண்டு நொடிக்குள் பார்க்கிறவர்களே மனசுக்குள் ஒரு கொலையைச் செய்து முடித்துவிடுவார்கள். அங்கே போய் அவசரக்குடுக்கையாக வரியை முன்னால் விட்டால் எல்லாம் பாழ். நடிகை வாயைத் திறப்பதற்குள் ஜனங்கள் படித்துத் தொலைத்துவிடுவார்கள்.

இப்படி ஊரார் வீட்டு மௌனங்களை அளந்துகொண்டிருந்தவள், மூன்று மாதத்துக்கு முன் தன் வீட்டிலேயே ஒன்றைக் கண்டுபிடித்தாள்.

புருஷன் ரவூப் பஸ் ஓட்டுகிறார். மகள் கல்யாணமாகித் தீவின் வடகோடியில் உட்லண்ட்ஸுக்குப் போனபின் வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். வாயாடி மனுஷன், கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்து விழும். இப்போது, "சாப்டீங்களா மச்சான்?" என்றால் முதலில் அவள் முகத்தைப் பார்க்கிறார். வாயையே பார்க்கிறார். ஒன்று, இரண்டு. பிறகுதான், "ம், ஆச்சு."

அதோடு போயிற்றா? டெப்போவிலிருந்து நாளைக்கு மூன்று தடவை போன் பண்ணுகிறவர், "மெசேஜ் போடு போதும்" என்கிறார். இருபத்தெட்டு வருடமாகப் படுத்த பக்கத்தை விட்டுவிட்டு, ஃபேன் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று கட்டிலின் மறுபக்கத்துக்கு மாறிக்கொண்டார். லீவு நாளில் நல்ல சட்டையை மாட்டிக்கொண்டு, "டெக்கா மார்க்கெட் வரைக்கும் போயிட்டு வர்றேன்" என்று கிளம்புகிறார், வெறுங்கையோடு திரும்புகிறார். டெக்காவுக்குப் போய் ஒரு கட்டு கறிவேப்பிலைகூட வாங்காமல் வருகிறவரை இந்தத் தீவில் யாராவது பார்த்திருக்கிறார்களா?

எல்லாவற்றையும்விட அவளைச் சுருக்கென்று தைத்தது அவருடைய புதுக் கரிசனம்தான். "அந்த எழுத்த எடு லா, மூஞ்சிய மறைக்குது" என்று வருடக்கணக்காக எரிந்து விழுந்தவர், இப்போது அவளுடைய சப்டைட்டில் இல்லாமல் தொடரே பார்ப்பதில்லை. "நல்லா எழுதுற முனீரா" என்று பாராட்டு வேறு. தப்புச் செய்கிறவன்தான் திடீரென்று பெண்டாட்டியைப் பாராட்டுவான். எத்தனை படத்துக்கு அவளே வரி போட்டிருக்கிறாள்!

ஒருநாள் அவர் குளிக்கும்போது சட்டைப்பையைத் துழாவினாள். ஒரு புதினா மிட்டாய்த் தாள் கிடைத்தது. இவர் எப்போது மிட்டாய் சாப்பிட்டார் என்று அன்று பகல் முழுக்க அந்தத் தாளையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

தனித்தனியாகப் பார்த்தால் இதில் எதுவும் இல்லை. நல்ல திரில்லரிலும் அப்படித்தான். சின்னச் சின்ன அசைவுகளைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள், கோப்பது பார்க்கிறவர் பாடு. முனீரா கோத்தாள். கோத்து முடித்தபோது ஒரு பெண் வந்து நின்றாள். முகம் மட்டும் தெரியவில்லை. "யாரு மச்சான் அவ?" என்று கேட்க எவ்வளவு நேரமாகும்? ஆனால் கேட்டபின், அவர் தன் இரண்டு நொடியை எடுத்துக்கொண்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயத்தில் கேள்வியை விழுங்கிக்கொண்டே இருந்தாள்.

அப்போது கையில் இருந்த தொடரும் அப்படித்தான் வாய்த்தது, புருஷனைச் சந்தேகப்படும் ஒருத்தியின் கதை. கடைசிப் பகுதியில் அவள் ஜன்னலைப் பார்த்து, நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். அறையை வெளியிலிருந்து பூட்டியது யார் என்று கேட்கிறார்கள். நீண்ட மௌனம். பிறகு அவள் குரல்: "கதவைப் பூட்டினது நான்தான்." முனீரா அந்த இடத்துக்கு வரி போட்ட மத்தியானம் ரவூப் டெக்காவில் இருந்தார். அவள் கண் திரையில், மனசு வாசலில்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இருவரும் அதைப் பார்க்க உட்கார்ந்தார்கள். ரவூப் கையில் முறுக்கு. ஜன்னலோரம் அந்தப் பெண் முதுகு காட்டி நின்றாள். மௌனம்.

"யா அல்லா! பூட்டினது இவதானா?" என்றார் ரவூப்.

திரையில் அந்தப் பெண் இன்னும் பேசவில்லை. ஒன்றரை நொடி கழித்துத்தான் குரல் வந்தது.

முனீராவுக்கு முகம் சூடேறியது. வரி முந்திவிட்டது. நாளைக்கு சுசீலா கிழித்துத் தொங்கவிடுவார். அடுத்த கணமே அந்தக் கவலை எங்கோ போயிற்று. தமிழ்த் தொடர். தமிழ்க் காது. காது வேலை செய்கிறவர் நடிகைக்காகக் காத்திருப்பார். இவர் எழுத்தை மட்டுமே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அடியோடு நிறுத்தினாள். வீடே ஊமையானது. ரவூப் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் எழுந்து அவருடைய இடதுபக்கம், முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். மூன்று மாதமாக விழுங்கியதைச் சொன்னாள்.

"யாரு மச்சான் அவ?"

ரவூப் முறுக்கைக் கடித்தார்.

முனீரா சுற்றி வந்து, டிவியை அணைத்துவிட்டு அவர் எதிரே நின்றாள். "எந்தக் காது மச்சான்?"

அவர் அவள் வாயைப் பார்த்தார். முறுக்கைத் தட்டில் வைத்தார்.

"இடது சுத்தமா போச்சு. வலது பாதி."

"டெக்காவுக்கு எதுக்குப் போனீங்க?"

"அங்க மாடியில காது டெஸ்ட் பண்ற கடை ஒன்னு இருக்கு. நாலு தடவை போனேன். படி வரைக்கும் போயிட்டு, ஒரு மிட்டாய வாயில போட்டுக்கிட்டுத் திரும்பிருவேன். உள்ள போனா காது போச்சுன்னு எழுதிக் குடுத்துருவாங்க லா. அடுத்த மாசம் டிரைவருங்களுக்கு மெடிக்கல் டெஸ்ட். இருபத்திரண்டு வருஷம் ஓட்டியாச்சு முனீரா. பஸ் இல்லேன்னா நான் யாரு?"

மூன்று மாதமாக வீட்டில் குடியிருந்த அந்த முகமில்லாத பெண் எழுந்து போனாள். முனீராவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். இரண்டும் அடங்கியபின் வேறொரு பயம் வந்தது.

"நாளைக்கு ஷிஃப்ட் இருக்கா?"

"காலையில அஞ்சரைக்கு."

"பின்னால ஹார்ன் அடிச்சா கேக்குதா? பிள்ளைங்க இறங்கும்போது யாராச்சும் கத்துனா கேக்குதா மச்சான்?"

ரவூப் கண்ணை மூடிக்கொண்டார். மூடிவிட்டால் அவள் சொல்வது எதுவும் அவரிடம் வந்து சேராது. அது தெரிந்துதான் மூடினார்.

சொல்ல வேண்டியது முனீராவின் நாக்கில் தயாராக இருந்தது. அவள் அதை விடவில்லை. தரையில், அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்தாள். கீழே ஒரு பஸ் வந்து நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு போயிற்று. அடுத்ததும் வந்து போயிற்று. கடைசியில் அவர் கண்ணைத் திறந்தார்.

"நாளைக்கு பஸ் எடுக்காதீங்க மச்சான்," என்றாள், ஒவ்வொரு சொல்லாக. "அந்தப் படியில ஏறுவோம். நானும் வர்றேன்."

தலையாட்ட அவருக்கு இரண்டு நொடிக்கு மேலேயே ஆயிற்று.