நடுவில் நிற்பவர்

மூன்று பேர் நிற்கும் படத்தில் நடுவில் நிற்பவர் முதலில் இறப்பார் என்னும் நம்பிக்கை ஈப்போவில் தமிழரிடமும் உண்டு, சீனரிடமும் உண்டு. எனக்கு இல்லை. அன்றும் இருந்ததில்லை, இதை எழுதும் இன்றும் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வருவதைப் படித்துவிட்டு, கிழவன் மனம் மாறியிருப்பான் என்று எவரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டியதில்லை.

என் தொழில் கூடாரம் வாடகைக்கு விடுவது. எங்கள் பக்கத்தில் அதைக் கெமா என்பார்கள். திருமணம், காதுகுத்து, கோயில் திருவிழா, சாவு, எதுவாயினும் வீட்டின் முன் சாலையில் இரும்புக் கால்களை நிறுத்தி, மேலே துணியை இழுத்துக் கட்டி, கீழே நாற்காலிகளைப் பரப்பிவிட்டு வருவோம். நல்ல காரியத்துக்கு வண்ணத் துணி, துக்கத்துக்கு வெள்ளை. சிம்பாங் பூலாய் செல்லும் சாலையில் ஒரு கிடங்கும், ஒரு லாரியும், வங்காளதேசத்துப் பணியாளர் இருவரும் எனக்கு உண்டு. தோட்டத் தமிழ்ப் பள்ளியின் ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. மற்றவை நானே தேடிக்கொண்டவை. புகைப்படக் கலையும் அவ்வாறு தேடிக்கொண்டதே.

வார இறுதி கூடாரத்துக்கு, திங்கட்கிழமை படக்கருவிக்கு என்று ஓர் ஒழுங்கு வகுத்திருந்தேன். ஆனால் சாவு கிழமை பார்த்து வருவதில்லை. ஆகவே கருவி எப்போதும் லாரியின் முன்னிருக்கையில், என் மனைவி அமரும் இடத்தில் இருக்கும். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு வருவாள். "பெத்த புள்ளையக்கூட இவ்ளோ தூரம் தூக்கிட்டு வந்ததில்லங்க," என்பாள். குற்றச்சாட்டுதான். ஆனால் கருவியை ஒருபோதும் கீழே வைத்ததில்லை.

அவளுடன் பிறந்தவர்கள் மூவர், மூவருமே அவளுக்கு அண்ணன்மார். மூத்தவர் கல்குவாரி லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், கோயில் தலைவர். அவர் வாய் திறந்தால் குடும்பமே வாய் மூடும். நடுவர், அதாவது இரண்டாமவர், தோட்டம் மூடப்படும் வரை ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டியவர், பிறகு ஒரு தொழிற்சாலையில் காவலாளி. இளையவர் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பவர். மூத்தவர் சொல்லாமல் அவர் தும்மவும் மாட்டார்.

பழைய தோட்டங்களில் வாழ்ந்தவர்களை, அவர்கள் வேலை செய்த இடத்திலேயே நிறுத்திப் படமெடுப்பது என்று ஒரு திட்டம் வைத்திருந்தேன். மனைவி பிறந்த தோட்டத்தில் பாதி நிலம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது, மீதி செம்பனை. ரப்பர்ப் பாலைத் தகடாக்கி உலர்த்திய புகைக்கூடத்தில் படிக்கட்டும் ஒரு சுவரும் மட்டும் எஞ்சியிருந்தன. அந்தப் படியில் மூன்று அண்ணன்மாரையும் நிறுத்தினேன். நடுவருக்கு இனிப்பு நீர் முற்றி, ஒரு காலில் ஆறாத புண். தனியாக நிற்க இயலாது. இருபுறமும் தாங்கிக்கொள்ளட்டும் என்றே அவரை நடுவில் வைத்தேன்.

"அண்ணே, மூணு பேரா நிக்கிறோம்லா," என்றார் இளையவர். "யாரு மொதல்ல?"

"நான்தான். எனக்குத்தான சுகர்," என்று நடுவர் சிரித்தார். "நான் போயி எடம் புடிச்சு வைக்கிறேன், நீங்க மெதுவா வாங்க."

மூத்தவர் சிரிக்கவில்லை. "மாப்ள, வேணாங்க. அங்க ஒரு ஆளு புல்லு வெட்டுறாரு பாருங்க. அவரக் கூப்டுங்க, நாலு பேரா நிப்போம்."

"புல்லு வெட்டுறவரு உங்ககூடப் பொறந்தவரா மச்சான்?" என்று கேட்டேன்.

நான்காவது ஆள் நின்றால் படம் படமாக இராது, திருவிழாக் கூட்டமாக இருக்கும். நான் மறுத்தேன். அதே நிலையில் அதே முடிவைத்தான் மீண்டும் எடுப்பேன்.

அந்தப் படம் ஈப்போவில் எங்கள் புகைப்படக் குழுவின் கண்காட்சியில், வாசலுக்கு எதிர்ச்சுவரில், ஆளுயரத்துக்கு வைக்கப்பட்டது. மூத்தவர் உறவினர்களை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து, ஒவ்வொருவரையும் அதன் முன்னால் நிறுத்தித் தம் கைப்பேசியில் படம் பிடித்தார். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவர் இதை மறந்துவிடுவார்.

அந்த ஆண்டு முடிவதற்குள் நடுவர் மாரடைப்பில் இறந்தார். செய்தி வந்தவுடன் நான் உறவாகவும் தொழிலாகவும் போனேன். மூத்தவர் வீட்டில்தான் உடல். வெள்ளைத் துணியை ஏற்றிக் கட்டி, நாற்காலிகளைப் போட்டு, மின்விசிறிகளை முடுக்கினேன். பெண்கள் உள்ளே அழுதுகொண்டிருந்தார்கள். ஆண்கள் வந்து அமர்ந்தார்கள். உச்சி வெயில். மூத்தவர் உள்ளிருந்து வந்தார்.

"யாரு உன்னக் கூப்டது?"

அதுவரை என்னை மாப்ள என்றும் நீங்கள் என்றும் அழைத்து வந்தவர். அன்றோடு இரண்டும் போயின.

"மச்சான், உள்ள போங்க. எல்லாம் நான் பாத்துக்குறேன்."

"நீ பாத்ததுதான் தெரியுதே! நடுவுல நிக்க வச்சுக் கொன்னுட்டு, இப்ப கெமா போட வந்துட்டான். வேணாம்னு சொன்னேன்ல? நாலாவது ஆளக் கூப்டுன்னு சொன்னேன்ல? கழட்டு. இப்பவே கழட்டு!"

அமர்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். என் பணியாளர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தலையசைத்தேன். நாற்காலிகளை அடுக்கினோம், துணியை அவிழ்த்தோம், கால்களைப் பிடுங்கினோம். துக்கத்துக்கு வந்தவர்கள் பக்கத்து வீட்டுக் கார் நிறுத்தத்தில் ஒதுங்கியும் சாலையில் குடை பிடித்தும் நின்றார்கள். வீட்டிலிருந்து உடல் போகும் முன் கூடாரத்தை இறக்கினால் அதே வீட்டில் இன்னொரு சாவு விழும் என்று இதே மனிதர் பல துக்க வீடுகளில் என் ஆட்களைத் தடுத்ததுண்டு. அந்த நம்பிக்கை மட்டும் அன்று அவருக்கு நினைவில்லை. தமக்கு வேண்டியதை மட்டும் நம்புகிறவர்களோடு வாதிட்டுப் பயனில்லை.

என் மனைவி சன்னல் வழியே எல்லாவற்றையும் பார்த்தாள். வெளியே வரவில்லை. அன்று மாலை லாரியில் திரும்பும்போது கருவி அவள் மடியில் இல்லை. காலடியில் கிடந்தது.

"நீயும் அப்படித்தான் நெனைக்கிறியா?" என்று கேட்டேன்.

"அண்ணன் துக்கத்துல பேசுறாரு. எனக்கு அதெல்லாம் நம்பிக்கை இல்லங்க," என்றாள்.

நான் அவள் சொன்னதை ஏற்றுக்கொண்டேன்.

அடுத்த திருவிழாவுக்குக் கோயில் கூடாரம் ஆயர் தாவாரிலிருந்து வந்தது. ஈப்போவில் கூடாரத்துக்குப் பஞ்சமில்லை. அவ்வளவு தொலைவிலிருந்து வரவழைத்தது என் கிடங்கு வாசலைக் கடந்து அது போக வேண்டும் என்பதற்காகவே. போயிற்று. நானும் நின்று பார்த்தேன். முட்டுக்கொடுக்கும் கம்பிகள் சரியில்லை என்பது லாரியில் அடுக்கியிருந்த விதத்திலேயே தெரிந்தது.

பின்னர் என் மகளுக்கு வரன் அமைந்தது. மனைவி வீட்டாரின் துக்கத்துக்கு மதிப்பளித்து, வருடத் திவசம் முடிந்த பிறகே நாள் குறித்தோம். திருமணத்தில் தாய்மாமன் சீர் கொண்டு வந்து, மாலையிட்டு, பெண்ணைக் கைப்பிடித்து மணவறைக்கு அழைத்து வர வேண்டும். இது என் மனைவிக்கு விலக்க முடியாத முறை. "அண்ணன் கை பிடிக்காம எம்மக மணவறை ஏற மாட்டா. கல்யாணத்தையே நிறுத்திருவேன்," என்றாள். வீண் பேச்சு பேசுகிறவள் அல்லள். மகளும் தாயின் பக்கம் நின்றாள். இளையவரைக் கேட்டேன். "பெரியண்ணே வந்தா நானும் வாரேன்," என்றார். அவர் வேறென்ன சொல்லப் போகிறார்?

ஆகவே தட்டில் பழமும் வெற்றிலை பாக்கும் அழைப்பிதழும் வைத்துக்கொண்டு நானும் மனைவியும் மூத்தவர் வீட்டுக்குப் போனோம். வாங்க என்ற சொல் வரவில்லை. தொலைக்காட்சியின் ஒலியும் குறையவில்லை.

"யாருக்குக் கல்யாணம்?" என்றார்.

"உங்க மருமகளுக்குத்தான் அண்ணே," என்றாள் மனைவி.

"அதுக்கு நான் எதுக்கு? ஒம் புருஷன்கிட்ட கமெரா இருக்குல்ல? அதையே கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகச் சொல்லு."

"மச்சான், அவரு போனது சுகர்னால வந்த மாரடைப்புல," என்றேன். "டாக்டர் சொன்னப்ப நீங்களும் நின்னீங்க."

"சுகரு அவனுக்குப் பல வருஷமா இருந்துச்சு. நீ எடுத்தப்பறம்தான் செத்தான்."

"அந்தப் படத்தப் பாக்க வேன் புடிச்சு ஆள் ஏத்திட்டு வந்தது யாரு?"

"அப்ப அவன் உசுரோட இருந்தான்லா!"

மனைவி தட்டைத் தரையில் வைத்துவிட்டு அதன் அருகிலேயே அமர்ந்துவிட்டாள். மூத்தவர் அவளைப் பார்த்தார். பிறகு தொலைக்காட்சியை நிறுத்தினார்.

"சரி. வாரேன். ஒண்ணு மட்டும் செய்யச் சொல்லு. அதே படிக்கட்டு, அதே கமெரா. நான் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். நடுவுல இவன் நிக்கட்டும். நம்பிக்கைதான் இல்லையே, அப்பறம் என்னா பயம்?"

"இப்பவே போலாம்," என்றேன்.

"அண்ணே, இதெல்லாம் வேணாம்ணே," என்றாள் மனைவி.

"நீயும் வா. சாட்சிக்கு."

இளையவர் வேலையிலிருந்து நேரே, சட்டையில் எண்ணெய்க் கறையோடு வந்து சேர்ந்தார். புகைக்கூடத்துப் படியில் புல் மண்டியிருந்தது. முக்காலியை ஊன்றினேன். வெளிச்சத்தை அளந்தேன். வேறொரு நாளாக இருந்தால் அது மிக நல்ல மாலை வெளிச்சம் என்று எழுதியிருப்பேன். கருவியில், அழுத்திவிட்டு ஓடி வந்து நாமும் நிற்பதற்குச் சில நொடி தருகிற ஓர் அமைப்பு உண்டு. அதை முடுக்கிவிட்டுப் போய் நடுவில் நின்றேன். என் மனைவியைக் கருவிக்குப் பின்னால் நிற்கச் சொல்லியிருந்தேன்.

மூத்தவர் தம் கையை என் அக்குளுக்குக் கீழே கொடுத்துத் தாங்கினார். அன்று தம்பியைத் தாங்கியது போலவே. எனக்குக் காலில் புண் எதுவுமில்லை. "நேரா நில்லு," என்று காதருகில் சொன்னார். "அவன் நேராத்தான் நின்னான்."

கருவியின் சிறு விளக்கு சிமிட்டத் தொடங்கியது. அப்போது என் மனைவி ஓடி வந்தாள். அறுபதைத் தொட்ட பெண், மூட்டு வலிக்காரி, சேலையைக் கையில் பற்றிக்கொண்டு அந்தப் புல்லில் ஓடி வந்து, இளையவரின் மறுபுறம் ஏறி நின்று அவர் தோளைப் பற்றினாள். கருவி படமெடுத்தது. நால்வர்.

"யார் உன்ன வரச் சொன்னது?" என்று கத்தினேன். "மறுபடியும் எடுக்கணும். நீ தள்ளி நில்லு!"

அவள் நகரவில்லை. மூச்சு வாங்கியது. என்னைப் பார்க்கவும் இல்லை.

மூத்தவர் என் அக்குளிலிருந்து கையை எடுத்தார். அன்றுதான், தம்பி இறந்த பிறகு முதல் முறையாக, அவர் சிரித்ததைக் கண்டேன். "போதும்லா. எனக்கு வேண்டியது கெடைச்சிருச்சு. ஒனக்கு நம்பிக்கை இல்ல. ஒம் பொண்டாட்டிக்கு இருக்கு. கல்யாணத்துக்கு வாரேன், போ."

அவர் சொன்னது சரி. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கணவனைக் காக்க ஓடி வந்தாள் என்று இதைக் கேட்ட பலரும் என்னிடம் உருகினார்கள். நான் உருகவில்லை. நடுவில் நிற்பவர் சாவார் என்று நம்பினால்தான் அப்படி ஓட முடியும். அப்படி நம்பினால், அவளுடைய அண்ணனைக் கொன்றவன் நான். லாரியில் அவள் சொன்ன மறுமொழியும், அதன் பிறகு எனக்குப் பரிமாறிய ஒவ்வொரு வேளைச் சோறும் அந்த நம்பிக்கையை உள்ளே வைத்துக்கொண்டு செய்யப்பட்டவை. திரும்பும் வழியில் அதைக் கேட்டேன்.

"அப்ப நான்தான் கொன்னேனா?"

"எனக்குத் தெரியலங்க. ஆனா பாத்துக்கிட்டு நிக்க முடியல."

திருமணம் நடந்தது. மூத்தவர் சீர்த்தட்டுகளோடு முறையாக வந்தார். என் மகளின் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வந்தார். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. மேடையில் படமெடுக்கும்போதெல்லாம் தலைகளை எண்ணி, மூவர் என்றால், "இன்னொரு ஆளு வாங்க," என்று கூட்டத்தைப் பார்த்து என் காதில் விழும்படி குரல் கொடுத்தார்.

மறுவாரம் நான் அந்தப் படிக்கட்டுப் படத்தை எடுத்து, என் மனைவி நின்ற பகுதியை வெட்டிவிட்டு, மீதியைப் பெரிதாக்கிச் சட்டமிட்டு, கிடங்கு அலுவலகத்தில் என் நாற்காலிக்கு மேலே மாட்டினேன். மூவர். நடுவில் நான். உள்ளே வருகிற எவரும் அதைப் பாராமல் இருக்க முடியாது. அன்று முதல் அவள் அந்த அறைக்குள் வருவதில்லை. மதியச் சோற்றை வாசலில் இருக்கும் நாற்காலி அடுக்கின் மேல் வைத்துவிட்டு, ஒருமுறை கதவைத் தட்டிவிட்டுப் போகிறாள்.

சென்ற மாதம் மூத்தவர் வந்தார். ஆயர் தாவார்க் கூடாரம் திருவிழா மழையில் சாய்ந்துவிட்டதாம். நான் இருக்கையைக் காட்டவில்லை. அவரும் அமரவில்லை. படத்தின் அருகே போய், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு விரலை இளையவரின் தோளில் வைத்தார்.

அங்கே என் மனைவியின் விரல்களும் ஒரு வளையலும் இருக்கின்றன. இளையவரின் தோளை வெட்டாமல் அவற்றை வெட்ட இயலாது. கணினியில் அழித்துவிடலாம். எனக்கு அது தெரியும்.

"தங்கச்சி கை இருக்குலா," என்றார். "அப்ப நாலு பேருதான். நீ இன்னும் கொஞ்ச நாள் இருப்ப."

"எந்தத் தேதிக்குக் கெமா வேணும்?" என்று கேட்டேன்.

அப்போது வெளியே நாற்காலி அடுக்கின் மேல் சோற்றுப் பாத்திரம் வைக்கப்படும் ஓசை கேட்டது. ஒருமுறை கதவு தட்டப்பட்டது. நாங்கள் இருவருமே போய்த் திறக்கவில்லை.