துரையின் வண்டியில் ஏறிய நாள்

வாங்கிய அன்றே அந்த வண்டி என்னை அடித்துவிட்டது. கிக்கரை மிதித்தேன், இஞ்சின் பற்றாமல் எதிர்த்துத் தள்ள, கிக்கர் திரும்பி வந்து கெண்டைக்காலில் அறைந்தது. வலியில் கராஜ் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மெக்கானிக் நானா சிரித்தார்.

"பயந்து மிதிச்சா இப்புடித்தான் தம்பி. கோவத்தோட மிதிங்க."

கோபத்துக்கா எனக்குப் பஞ்சம்! அடுத்த மிதியில் வண்டி உறுமிக்கொண்டு எழுந்தது. கராஜின் தகரமெல்லாம் அதிர்ந்தது.

முப்பதுகளின் தொடக்கம் அது. ஹந்தானை மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் அப்பா பெரிய கங்காணி. ஆள் பிடிப்பதும், பிடித்த ஆளை வேலை வாங்குவதும் அவர் பாடு. வண்டி அங்கிருந்த வெள்ளைக்காரத் துரையுடையது. இரட்டைச் சிலிண்டர் வைத்த அமெரிக்க மோட்டார் சைக்கிள். சாய்ந்தால் ஒற்றை ஆளால் நிமிர்த்த முடியாது. துரை வேலையை விட்டுவிட்டுச் சீமைக்குத் திரும்பப் போவது அப்பாவுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். வெளியே மூச்சு விடக்கூடாது என்று சொல்லியிருந்தான்.

காரணம் இருந்தது. கொஞ்ச நாளைக்கு முன்பு, பெண்டாட்டிக்குக் காய்ச்சல் என்று வேலைக்கு வராத ஒருவனைத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தைவிட்டுத் துரத்துவதற்காக, அங்கே அவன் இருந்த காம்பராவின் கூரைத் தகரத்தைக் கழற்றச் சொன்னான் துரை. அப்பா நின்று கழற்றுவித்தார். அன்று பிடித்த மழை விடவேயில்லை. அந்தப் பெண் செத்துப்போனாள். அதற்குப் பிறகு லயத்தில் ஒருத்தரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று அப்பா சொன்னார். அது துரையின் தலைவலி, எனக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

வண்டி வாங்கிய அன்று காலை துரை வழக்கம்போல வண்டியில் டவுனுக்கு இறங்கி வந்து, கராஜில் அதை என்னிடம் ஒப்படைத்துவிட்டுக் கொழும்பு ரயிலில் ஏறிவிட்டான். தன் தோல் கோட்டு, தோல் தொப்பி, கண்ணாடி, கையுறை எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுப் போனான். எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டேன். மலையில் குளிர் அல்லவா! குளிர் இல்லாவிட்டாலும் மாட்டியிருப்பேன்.

ஏரிக்கரையைத் தாண்டும் வரை அந்த வண்டியோடு மல்லுக்கட்டுதான். இடது காலில் கிளச்சு. கியர் பெட்ரோல் டாங்கிக்குப் பக்கத்தில், கையால் இழுக்க வேண்டும். கையை ஹாண்டிலிலிருந்து எடுத்த நொடியில் வண்டி தன் இஷ்டத்துக்குத் திரும்பும். பல்லெல்லாம் கடகடவென்று ஆடியது. தொடையில் இஞ்சின் சூடு பொசுக்கியது. எதிரே வந்த மாட்டு வண்டியின் மாடுகள் மிரண்டு நுகத்தை முறித்துக்கொண்டு ஓடின. வண்டிக்காரன் சிங்களத்தில் என் தாயை இழுத்து ஏசி, சாட்டையை வீசினான். கோட்டில் பட்டது, உறைக்கவேயில்லை. வாய்விட்டுச் சிரித்தேன்.

மலை ஏற ஏற எனக்கு வெறி பிடித்தது. ஹாண்டிலின் காதைத் திருகத் திருக வண்டி மேட்டை விழுங்கிக்கொண்டு போனது. வளைவுகளில் கற்கள் சிதறித் தேயிலைக்குள் பாய்ந்தன. குறுக்கே வந்த ஒரு நாயின் மேல் சக்கரம் ஏறி இறங்கியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

தோட்டத்து எல்லையில் மூடுபனி. அந்த வண்டிச் சத்தத்தை அங்கே அறியாதவர் கிடையாது. கேட்டதும் ரோட்டை விட்டு, ஓரத்தில் தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்க வேண்டும். தலையில் போட்ட கம்பளியை எடுத்துவிட்டு, வண்டி போகும் வரை குனிந்து நிற்க வேண்டும். நிமிர்ந்து பார்த்தால் முதுகில் பிரம்பு விழும். அன்றும் அப்படியே இறங்கினார்கள். கொழுந்துக் கூடையோடு பெண்கள், கிழவர்கள், கைப்பிள்ளைக்காரிகள்கூடத் தண்ணீரில் நின்றார்கள். ஒரு தலையும் நிமிரவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஹாரனை அமுக்கிக்கொண்டே போனேன்.

அடுத்த வளைவில் ரோட்டுக்குக் குறுக்கே மரம் கிடந்தது.

பிரேக் பிடித்தேனா என்பதுகூட நினைவில்லை. வண்டி என்மேல் கிடந்தது. புகைக்குழாய் காலைச் சுட்டது. தேயிலைக்குள்ளிருந்து மூன்று பேர் வந்தார்கள். கட்டையால் முதுகில், விலாவில், தலையில் அடித்தார்கள். தோல் தொப்பி இல்லாவிட்டால் மண்டை பிளந்திருக்கும். ஒருவன் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை ஓங்கினான்.

"நான் தொர இல்லடா! அடிக்காதீங்கடா!" என்று அலறினேன்.

கத்தி நின்றது. தொப்பியையும் கண்ணாடியையும் பிடுங்கினார்கள்.

"அடே, பெரிய கங்காணி மவன்டா!"

இரண்டு பேர் கையிலிருந்ததைப் போட்டது போட்டபடி ஓடிவிட்டார்கள். எனக்கு உயிர் வந்தது. ஆளைத் தெரிந்துவிட்டது, இனி என்னை யார் தொடுவான்? மிஞ்சி நின்றவனைப் பார்த்தேன். கூரை போனவன்.

"வண்டியத் தூக்குடா" என்றேன்.

அவன் தூக்கவில்லை. "தொர எங்க?"

"கொழும்புக்குப் போயிட்டான். கப்பல் ஏறிடுவான். ஆள் மாறி அடிச்சிட்டீங்க. பேசாமப் போயிரு, நான் அப்பாகிட்ட சொல்ல மாட்டேன்."

டவுன் இருந்த பள்ளத்தைத் திரும்பிப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் நின்றது.

"தகரத்தக் கழட்டுறப்ப ஏணியப் புடிச்சிக்கிட்டு நின்னது ஒங்கப்பாதானே?" என்றான். குரலில் கோபமே இல்லை.

"தொர சொன்னத அவரு செஞ்சாரு. அதுக்கு நான் என்ன செய்ய?"

"ஆமா" என்று தலையாட்டினான்.

போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். துரை என்று நினைத்தபோது கண்மண் தெரியாமல் அடித்தவன், இப்போது பக்கத்தில் குந்தி, கோட்டின் ஓரத்தை மெல்ல விலக்கி, என் முழங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கட்டையை எடுத்தான்.