பூமணியை எழுதாத கிராணி

சிவசம்புவுக்கு எழுத்து முத்து முத்தாக வரும். அதனால்தான் முப்பத்தொன்றாம் ஆண்டு குடிசன மதிப்புக்கு, பிரிக்பீல்ட்ஸில் வீடு வீடாகப் போய் ஆட்களின் பெயரெழுத அவரைப் பிடித்துப் போட்டார்கள். கடல் கடந்து வந்த யாழ்ப்பாணத்து ஆள், ரயில்வே கந்தோரில் கிராணி, அதாவது எழுத்தர். கைப்பிள்ளைகூட விடுபடக் கூடாது என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த மனிதர், தன் வீட்டுத் தாளில் தன்னையும் மனைவி தங்கமணியையும் மகளையும் மட்டும் எழுதி மையை ஒற்றினார். கூடப்பிறந்த தங்கை பூமணியை எழுதவில்லை.

அவளோ பின்னறையில்தான் கிடந்தாள். பெற்ற பிள்ளை இறந்தபின் பேச்சும் சாப்பாடும் குறைந்து, சில நாள் பாயை விட்டு எழும்பவே மாட்டாள். கொண்டுவந்து விட்ட புருஷன் திரும்பிப் பார்க்கவில்லை. சிவசம்புவின் மகளுக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் ‘குடும்பத்தில் பைத்தியம்’ என்று சொல்லிவிட்டால்? பூமணி கப்பலேறி ஊருக்குப் போய்விட்டாள் என்று ஆறு வருஷமாகக் கூசாமல் சொல்லிவந்தார்.

மூன்றாம் நாள், கடிகாரம் பழுதுபார்க்கும் ஏலியாவின் வீட்டுக்குப் போனார். ஏலியா கொச்சியிலிருந்து வந்த யூதர். கடைத்தெருவில் பழகித் தமிழ் சரளமாக வரும். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால், மனுஷன் கண்ணை மூடித் தன் பாஷையில் ஏதோ மூன்று சொல்லை முணுமுணுத்தார்.

“ஐயா, நம்பரைச் சொல்லும்!” என்று எரிந்து விழுந்தார் சிவசம்பு.

“எங்க ஆளுங்க தலையை எண்ண மாட்டோம், கிராணி ஐயா. பத்து வார்த்தையில ஒரு ஜெபம் இருக்கு. ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லிக்கிட்டே வருவோம். நீங்க வார்த்தையை எண்ணிக்குங்க.”

ஏலியா ஒன்று, அவர் மனைவி இன்னொன்று. மூன்றாவது யார்? திறந்திருந்த அறையில் ஒருவன் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். ஏலியாவின் தம்பி தாவீது. ஆள் வந்ததற்கும் திரும்பவில்லை. சிவசம்புவுக்கு உடனே விளங்கிவிட்டது. தன் வீட்டில் அவர் பார்க்காத பார்வையா!

குரலைத் தாழ்த்தி, பெரிய உபகாரம் செய்கிறவர் மாதிரி, “இவரை எழுதாமல் விட்டுவிடட்டுமா? ஒருத்தருக்கும் தெரியவராது” என்றார்.

ஏலியாவின் முகம் சிவந்தது. “எதுக்கு விடணும்? கிள்ளான் வரைக்கும் தேடினாலும் எங்க ஆம்பளைங்க பத்தே பேர்தான். பத்துப் பேர் சேர்ந்தாத்தான் எங்களுக்குக் கூட்டு ஜெபம். கடைசி வார்த்தையை இவனுக்குத்தான் சொல்லுவோம். இவன் எழும்ப முடியாத நாள்ல, மத்தவங்க இங்க வந்து இவன் கட்டிலைச் சுத்தி நிப்பாங்க.”

தம்பியின் பக்கம் பார்த்துச் சொன்னார்: “பண்டிகையில சந்தோஷமா இருக்கணும்னு எங்களுக்குக் கட்டளை. ஒரு தடவை ‘சிரிடா’ன்னு இவனைப் பிடிச்சு உலுக்கினேன். அழுதுட்டான். அன்னைக்குப் பட்ட வெக்கம் இன்னும் போகலை. எழுதுங்க, தாவீது, முப்பத்திரண்டு வயசு.”

சிவசம்பு எழுதினார். அந்த முத்து எழுத்து அன்று கோணிக்கொண்டு போயிற்று. சீ, நானும் ஒரு அண்ணனா என்று தன்னையே திட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், சட்டையைக் கழற்றாமல் பின்னறைக்குப் போனார்.

“தங்கச்சி, கணக்குத் தாளிலை உன்ரை பேரை எழுதப் போறன்.”

பூமணி அவர் பக்கம் திரும்பினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “வேண்டாம் அண்ணை. எழுதினால் ஆக்கள் கேப்பினம். நான் ஊருக்குப் போயிட்டன் எண்டெல்லே சொல்லி வைச்சிருக்கிறியள். உங்களுக்குத்தான் வெக்கம்.”

எல்லாம் கேட்டுக்கொண்டுதான் கிடந்திருக்கிறாள்! அவருக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து அவள் பெயரை எழுதினார்.

மறுநாள் காலை, தாள்களை வாங்கக் கணக்கெடுப்பு மேற்பார்வையாளர் ஜெயராஜ் வந்தார். தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்து, “என்னங்க, உங்க தங்கச்சி யாழ்ப்பாணம் போயிட்டாங்கன்னு சொன்னீங்களே?” என்றார்.

கதவோரம் நின்ற தங்கமணி, வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

“போகேல்லை. உள்ளுக்குத்தான் இருக்கிறா. மனசுக்குச் சுகமில்லை. நான் பொய் சொன்னனான்” என்றார் சிவசம்பு.

ஜெயராஜ் தாளை மடித்து வைத்தார். “கூப்பிடுங்க, ஒரு வார்த்தை பேசிட்டுப் போறேன்” என்று மட்டும் சொன்னார்.

சிவசம்பு உள்ளே ஓடினார். “தங்கச்சி, எழும்பு. முன்னுக்கு வா. உன்னைப் பார்க்க ஆள் வந்திருக்கு.”

பூமணி பாயைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். உடுத்திருந்த நைந்த சேலையை ஒரு தடவை குனிந்து பார்த்தாள்.

“ஆக்களுக்கு முன்னாலை வாறதுக்கு என்னட்டைச் சீலை இல்லையே, அண்ணை.”

பொங்கல், தீபாவளி என்று ஆறு வருஷமாகப் புடவைக் கடை ஏறி இறங்கிய மனிதருக்கு, அவளுக்கென்று ஒன்றுகூட எடுக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.