முருங்கையிலை போட்ட நெய்

என் குசினியில் ஒரு பழைய பிரஷர் குக்கர் இருக்கிறது. கைபிடி கருகியது, மூடிக்கு மட்டும் புது றப்பர் வளையம். மாமி தந்தது. அதன் முதல் விசில் கேட்டால் நான் இன்னும் வாசற்கதவைத் திரும்பிப் பார்ப்பேன்.

மாமி என் அப்பாவின் தங்கை. நோர்வேயின் துரொண்ட்ஹெய்ம் நகரிலிருந்து தாதியர் படிப்புக்காக நான் ஒஸ்லோ வந்தபோது, மோர்டென்ஸ்ருட்டில் தன் சின்ன பிளாட்டில் எனக்கும் ஓர் அறை ஒழித்துத் தந்தவர். கிழமை நாட்களில் முதியோர் இல்லத்தில் வேலை, சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் படிப்பித்தல். சிரிப்பதை யாரோ தடைசெய்துவிட்டது போன்ற முகம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பரீட்சை முடிந்த கொழுப்பில், கூடப் படித்த நோர்வேக்காரன் தந்த கஞ்சா இலையை வெண்ணெயில் காய்ச்சிப் பார்க்க ஆசைப்பட்டேன். சட்டியில் காய்ச்சினால் மணம் படிக்கட்டெல்லாம் இறங்கிவிடும், குக்கரில் போட்டு மூடினால் வெளியே வராது என்று பெரிய விஞ்ஞானி மாதிரி யோசித்தேன். பிறந்த நாள் முதல் பருப்புத் தின்று வளர்ந்த நான், குக்கர் விசிலடிக்கும் என்பதை மறந்துபோனேன்.

மூன்றாவது விசிலோடு அழைப்பு மணி அடித்தது. கீழ்வீட்டு நோர்வே அம்மா நின்றார். நாங்கள் கருவாடு பொரித்த நாளெல்லாம் கதவில் புகார்க் கடிதம் ஒட்டுகிறவர். மூச்சை ஆழ இழுத்தார். "இன்றைக்கு உங்கள் சமையல் நல்ல மணமாக இருக்கிறது" என்று சிரித்துவிட்டு இறங்கிப் போனார். அவசரமாக வடித்து, ஒரு ஐஸ்கிறீம் பெட்டியில் ஊற்றி, குளிர்சாதனப் பெட்டியின் பின்மூலையில் ஒளித்துவைத்தேன். தமிழர் வீட்டு ஐஸ்கிறீம் பெட்டியில் ஐஸ்கிறீமைத் தவிர எதுவும் இருக்கலாம், அதை யாரும் எடுக்கலாம் என்பதும் எனக்கு அன்றைக்கு நினைவில்லை.

மறுநாள் மாமியின் மகளை, என் மச்சாளை, பெண்கேட்டுப் பக்கத்து ஊரான லோறென்ஸ்கூக்கிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. "அவை வீடு வாங்கின ஆக்கள், நாங்கள் பிளாட்டிலை கிடக்கிறம்" என்று மாமி ஒரு மாதமாக நித்திரை கொள்ளவில்லை. நான் எழும்பிக் குசினிக்குப் போனபோது தட்டு நிறைய கேசரி, துண்டு துண்டாக வெட்டியிருந்தது. பக்கத்தில் வெறும் ஐஸ்கிறீம் பெட்டி. மாமியின் கண் கலங்கியிருந்தது.

"தம்பி, எனக்கெண்டு முருங்கையிலை போட்டு நெய் உருக்கி வைச்சிருக்கிறாய், ஒரு சொல்லுச் சொல்லேல்லையே! பெத்த பிள்ளைக்கே இந்த நினைப்பு வரேல்லை."

யாழ்ப்பாணத்தில் வெண்ணெய் உருக்கும்போது கடைசியில் ஒரு பிடி முருங்கையிலை போடுவார்கள். நெய் வாசமாக வரும். பச்சை நிறத்தைப் பார்த்து மாமி அப்படித்தான் நினைத்திருக்கிறார். உண்மையைச் சொன்னால் அந்த முகத்திலிருந்த சந்தோசம் செத்துப்போகும். சொல்லாவிட்டால் வரப்போகும் சம்பந்திகள் கஞ்சா தின்பார்கள். நான் கோழை. அழைப்பு மணி அடித்ததும் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி, வாசலில் கிடந்த சப்பாத்துகளின் மேல் கவிழ்த்துவிட்டேன்.

"உன்ரை கண் என்ன பிடரியிலையோ கிடக்கு!" என்று மாமி கத்தினார். கத்தட்டும், தப்பினோம் என்றிருந்தேன். இனிப்புப் பார்க்கிறேன் என்று அவர் ஏற்கெனவே சட்டியை வழித்துத் தின்றிருந்தது எனக்குத் தெரியாது.

சம்பந்தி அம்மா தங்கள் வீட்டில் இரண்டு குளியலறை என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அது தொடங்கியது. "ரெண்டோ! ஒரு ஆளுக்கு ரெண்டிலையும் என்ன அலுவல்?" என்று கேட்டுவிட்டு மாமி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எங்களுக்கு உயிர் போய்விட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் ஏன் பொய் சொல்லுவான்? என்ரை மகளுக்குச் சமைக்கத் தெரியாது. முட்டை பொரிச்சாலும் அடிப்பிடிக்கும்" என்றார். மச்சாளின் முகம் வெளிறியது. சம்பந்தி அம்மா தன் கதிரையை மாமியின் பக்கம் இழுத்துப் போட்டார். பிறகு, "அக்கா, என்ரை மோனுக்குத் தோய்ச்ச உடுப்பை மடிக்கவும் தெரியாது" என்று அவரும் சிரிக்கத் தொடங்கினார். அன்றைக்கே நாள் பார்த்துவிட்டார்கள். அவர்கள் போனதும் மாமி படுத்துவிட்டார். அவர் எழும்பும்வரை அவருடைய நாடித்துடிப்பைப் பார்த்துக்கொண்டு, கடவுளே கடவுளே என்று பக்கத்திலேயே இருந்தேன். கஞ்சா என்று மட்டும் சொல்லவில்லை.

பல வருடம் கழித்து நான் தனி வீடு போனபோது மாமி இந்தக் குக்கரைக் கொண்டுவந்தார்.

"புது றப்பர் போட்டிருக்கிறன். பழசை எத்தினை தரம் கழுவியும் அந்த மணம் போகேல்லை."

நான் குக்கரைக் கீழே வைத்தேன். "தெரியுமோ மாமி?"

"படுத்து எழும்பத்தான் விளங்கினது."

"ஏன் ஒண்டும் கேக்கேல்லை?"

"கேட்டால் நீ உண்மையைச் சொல்லிப்போடுவாய். பிறகு எனக்கு ஆர் முருங்கையிலை போட்டு நெய் உருக்கினது?"

அன்றைக்கு நான் அழுதேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அவருடைய பிறந்தநாளுக்குக் கடை கடையாக அலைந்து முருங்கையிலை வாங்குகிறேன். இன்றைக்கும் வாங்கி வந்திருக்கிறேன். குக்கரில் பருப்பு விசிலடிக்கிறது, பக்கத்து அடுப்பில் வெண்ணெய் உருகுகிறது. ஐஸ்கிறீம் பெட்டியில் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுப்பேன். மாமி மூடியைத் திறந்து, நன்றாக மணந்து பார்த்து, என் முகத்தையும் ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் உள்ளே எடுத்துவைப்பார்.