மச்சான் கொடுத்த வக்கீல் பீஸ்

அம்மாவின் தம்பி, என் மாமு இஷாக், எங்கள் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே அவருடைய மூச்சுச் சத்தம் வந்துவிடும். நெஞ்சுக்குள் துருப்பிடித்த கீல் ஒன்று அசைவது போல இருக்கும். சத்தம் கேட்டதும் அம்மா அடுப்பில் வெந்நீர் வைப்பாள். மாமு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை முழங்காலில் ஊன்றி, மூச்சு மருந்துப் பம்பை வாயில் வைத்து அடித்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருப்பார். மூச்சு சீரான பிறகுதான், "சோத்துக்கு என்னக்கா வெஞ்சனம்?" என்று பேச்சை ஆரம்பிப்பார்.

திண்டுக்கல்லில் தோல் பதனிடும் இடத்தைத் தோல் ஷாப் என்போம். மாமு தாடி முளைக்கும் முன்பே ஒரு தோல் ஷாப்பில் சேர்ந்தவர். பதனிட்டுக் காய்ந்த தோலின் மேல், உப்புத்தாள் சுற்றிய உருளையை ஓடவிட்டு மழமழப்பாக்குவார்கள். அதற்குப் பஃபிங் என்று பெயர். அந்த மெஷினில் நின்றால் மாவு மில்லில் நிற்பது போலத்தான். ஆனால் பறப்பது மாவு அல்ல, தோலின் தூள். மாமு முகத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொள்வார். மாலையில் வரும்போது புருவம் சாம்பல் நிறத்தில் இருக்கும்.

ஷாப்பின் முதலாளி வாஜித், மாமுவின் குப்பி, அதாவது அத்தையின் மகன். மற்ற ஆட்கள் அவரை முதலாளி என்பார்கள். மாமு மட்டும் மச்சான் என்பார். அவரும் மாமுவை அப்படித்தான் கூப்பிடுவார். மாமுவுக்கு அதில் பெரிய பெருமை. அதிகாரிகள் சோதனைக்கு வரும் நாளில் மற்றவர்கள் மெஷின் பக்கத்தில் நிற்க, மாமுவை மட்டும் வாஜித் ஆபீஸ் அறைக்குள் கூப்பிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுப்பார். "எங்க மச்சான்" என்று அதிகாரியிடம் சொல்வார். வீட்டுக்கு வந்ததும் மாமு இதை மாமியிடம் இரண்டு தடவை சொல்வார். ஷாப்பின் வருகைப் பதிவில் தன் பெயர் கிடையாது என்பது அவருக்குத் தெரியும். ஈ.எஸ்.ஐ. அட்டையும் இல்லை. "நமக்குள்ள என்ன மச்சான் எழுத்து?" என்று வாஜித் சொல்லியிருந்தார். மாமுவுக்கும் அது சரியென்றே பட்டது.

போன வருடம் மழைக்காலத்தில் மாமு மெஷின் அருகிலேயே மயங்கி விழுந்தார். மதுரையில் பார்த்த நெஞ்சு நோய் டாக்டர், வேலையிடத்துத் தூசியால் வந்த மூச்சு நோய், இனி தூசியில் நிற்கவே கூடாது என்று எழுதிக் கொடுத்தார். "ரெஸ்ட் எடு மச்சான்" என்றார் வாஜித். கொஞ்ச நாள் வாரச் சம்பளம் வீடு தேடி வந்தது. பிறகு கறி மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றது. மாமுவின் மெஷினில் வேறு ஆள் நின்றான்.

எங்கள் குடும்பத்தில் காலேஜ் படித்தது நான்தான். பி.காம். முடித்து, வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தேன். வேலையால் வரும் சில நோய்களையும் வேலையில் பட்ட காயமாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும், முதலாளி நஷ்டஈடு தர வேண்டும் என்பதைத் தேடிப் படித்துச் சொன்னதும் நான்தான். மாமு நம்பவில்லை. நர்கீஸ் மாமி நம்பினாள். பம்பும் மாத்திரையும் அவள் தைக்கிற துணியில்தான் வந்துகொண்டிருந்தன. ஊசி பிடித்து அவள் விரல் நுனி கறுத்திருந்தது.

"ஷமா சொல்ற மாதிரி, கேட்டாத்தான என்ன? நாம என்ன பிச்சையா கேக்குறோம்?" என்றாள்.

"மச்சான் மேல கேஸா?" என்றார் மாமு.

"மச்சானுக்கு நெஞ்சு நல்லாத்தான இருக்கு."

கோர்ட் பக்கத்தில் மாடியறையில் இருந்த வக்கீல் அன்புக்கரசியிடம் போனோம். படியேறி முடிக்க மாமுவுக்கு நெடுநேரம் ஆனது. மேலே வந்தவரைப் பார்த்ததும் அந்தம்மா ஃபேனைக் கூட்டி வைத்தார். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஆஸ்பத்திரி வாசல்ல யாராச்சும் பர்சன்ட் பேசினாங்களா?" என்றார்.

"பேசுனாகம்மா. வர்றதுல பாதின்னாக."

"நான் அப்படிப் பேசறதில்ல, பேசவும் கூடாது. பீஸ் இப்போ பாதி, ஆர்டர் வந்தப்புறம் பாதி. முடியலன்னா கோர்ட்லயே இலவசமா வக்கீல் போட்டுத் தருவாங்க. நானே எழுதித் தர்றேன்."

மாமு தலையை ஆட்டினார். "ஓசியில வர்ற வக்கீலு நமக்காகத் தொண்டை கிழியப் பேசுமாம்மா? நீங்களே பாருங்க. பீஸு நான் கொண்டாரேன்."

இறங்கி வரும்போது மாமி கழுத்துக் கருகமணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இரண்டு நாளில் மாமு பீஸைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டார். ஏதென்று மாமி கேட்டதற்கு, "ஒரு எடத்துல கேட்டேன், குடுத்தாக" என்றார். வட்டிக்கு வாங்கியிருப்பார் என்று நினைத்து, மாமி சண்டை போட்டாள்.

நான் எழுதிக் கொடுத்த விவரங்களை வைத்து நஷ்டஈட்டு மனு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனது. வாஜித் தரப்பின் பதில் வந்த அன்று மாமுவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். மனுதாரர் எங்களிடம் வேலை செய்தவரே அல்ல, நெருங்கிய உறவினர், பொழுதுபோக்காக ஷாப்புக்கு வந்து போவார், உறவின் பேரில் அவ்வப்போது உதவி செய்திருக்கிறோம் என்று இருந்தது.

"பொழுதுபோக்கா?" என்றார் மாமு. அதற்குமேல் மூச்சு விடவில்லை. மூச்சை இழுக்கவும் சிரமப்பட்டார். மாமி பம்பை எடுத்து வந்தாள்.

அன்புக்கரசி விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். நோய் வேலையால் வந்தது என்பதற்கு டாக்டர் இருக்கிறார். மாமு வாஜித்தின் தொழிலாளி என்பதற்குத்தான் எழுத்து ஒன்றும் இல்லை. கூட வேலை பார்த்தவர்கள் சாட்சிக்கு வரமாட்டோம் என்றுவிட்டார்கள். அது நிரூபணமாகாவிட்டால் டாக்டர் சொன்னதற்கும் பலன் கிடையாது. "அங்க போயி மச்சான்னு சொல்லிராதீங்க. முதலாளின்னு சொல்லுங்க" என்று மாமுவைப் பழக்கினார். மாமு "முதலாளி" என்று சொல்லிப் பார்த்தார். புது ஊர்ப் பெயரைச் சொல்வது போலச் சொன்னார்.

விசாரணை நாளில் தொழிலாளர் ஆணையர் முன்னால் மாமு நின்றார். வாஜித் எதிர்ப்பக்கம் இருந்தார். வந்ததும் மாமுவுக்கு ஸலாம் சொன்னார். மாமுவும் பதில் ஸலாம் சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் வெகு மரியாதையாகத்தான் கேள்வியை ஆரம்பித்தார்.

"அய்யா, உங்களுக்கு வருமானம் எதுவும் இல்லைன்னு மனுவுல சொல்லியிருக்கீங்க. வக்கீல் பீஸ் எப்படிக் கட்டினீங்க?"

"ஒருத்தர்ட்ட வாங்குனேன்."

"யார்ட்ட?"

மாமு என்னைப் பார்த்தார். பிறகு தன் வக்கீலைப் பார்த்தார். பொய் சொல்லமாட்டேன் என்று சற்று முன்புதான் உறுதி சொல்லியிருந்தார்.

"மச்சான்ட்ட."

"எந்த மச்சான்?"

மாமு கையை நீட்டினார். விரல் நேராக வாஜித்தைக் காட்டியது.

அறையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அன்புக்கரசி பேனாவை மூடினார். எதிர்த்தரப்பு வக்கீல் ஆணையர் பக்கம் திரும்பி, "தன் மேலயே கேஸ் போடச் சொல்லித் தொழிலாளிக்குப் பீஸ் கொடுக்கிற முதலாளிய நான் கேள்விப்பட்டதில்லைங்க, அய்யா. இது சொந்தக்காரங்க கொடுக்கல் வாங்கல்" என்றார்.

வெளியே வராந்தாவில் மாமி மாமுவின் சட்டையைப் பிடித்துவிட்டாள். "யார்ட்ட போயி யாருக்கு எதிரா பீஸ் வாங்குனீக? கூறு இருக்கா மனுசனுக்கு?"

"வேற யார்ட்டடி கேப்பேன்? நம்ம நிக்காஹ்லேர்ந்து அம்புட்டுக்கும் அவன்ட்டதான கேட்டுருக்கேன்? எதுக்குன்னு கேட்டான். உன் மேல கேஸ் போட வக்கீலுக்குன்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டே எண்ணிக் குடுத்தான்."

அன்று இரவு மனுவின் நகலை எடுத்து மறுபடி வாசித்தேன். நானாக இதை ஆரம்பித்திருக்காவிட்டால் என்றைக்காவது மறுபடி கறியாவது வந்திருக்குமோ, நான் படித்த படிப்பு யாருக்காவது உபயோகப்படுகிறது என்று காட்டிக்கொள்ளத்தான் மாமுவை அங்கே கொண்டுபோய் நிறுத்தினேனோ என்று மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

அடுத்த வாய்தாவில் வாஜித் சாட்சி சொல்ல வேண்டும். அதற்கு முன்பு அன்புக்கரசி எங்களைக் கூப்பிட்டார். இன்னும் கோபமாகத்தான் இருந்தார். "வாஜித் சொந்தக்காரங்க எல்லாருக்கும் இப்படி அள்ளிக் கொடுக்கிற ஆளா?" என்று கேட்டார்.

"அவனா?" மாமு சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. "கூடப் பொறந்த தம்பிக்கே குடுக்கலம்மா. அப்துல் கையூம் கிட்னி ஆப்பரேசனுக்குக் கேட்டு அழுதான். அஞ்சு பைசா குடுக்கல."

"அப்ப உங்களுக்கு மட்டும் ஏன்?"

"நான் ஷாப்புல நின்னேன்ல? தம்பி ஒரு நாளு வந்து நிக்கலையே."

அன்புக்கரசி பேனாவைத் திறந்து அதை எழுதிக்கொண்டார். அந்தம்மா என்ன செய்யப் போகிறார் என்பது மாமுவுக்கும் அப்போதே புரிந்துவிட்டது.

"அத அங்க கேக்காதீகம்மா. அது வீட்டு விசயம். தம்பிக்குக் குடுக்கலன்னு நாலு பேர் முன்னால எப்புடி? குப்பி வாழ்ந்து மவுத்தான வீடும்மா அது."

"கேக்கலன்னா கேஸ் இல்ல."

மாமி முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். "நீங்க கேளுங்கம்மா. இவுக பொழுதுபோக்குக்கா நெஞ்சைக் கெடுத்துக்கிட்டாக? அந்த வார்த்தைய எழுதுனப்ப அவுகளுக்குக் குப்பி நெனப்பு வரல."

வாஜித் வெள்ளைச் சட்டையில் வந்தார். உறவுக்காரர்களுக்கு உதவுவது எங்கள் வழக்கம், அல்லா கொடுத்ததில் கொடுக்கிறோம் என்றார். அன்புக்கரசி அதையெல்லாம் பொறுமையாகச் சொல்லவிட்டார்.

"எல்லாச் சொந்தத்துக்கும் செய்வீங்க?"

"கண்டிப்பா."

"உங்க கூடப் பிறந்தவர் அப்துல் கையூம். அவர் ஆப்பரேஷனுக்கு எவ்வளவு கொடுத்தீங்க?"

வாஜித்தின் முகம் சிவந்தது. அவருடைய வக்கீல் எழுந்து, இது சம்பந்தமில்லாத கேள்வி என்றார். அதற்குள் வாஜித் பேசிவிட்டார்.

"அவன் எனக்கு என்னைக்கு ஒழச்சான்? இஷாக்கு இருபது வருசமா என் மெசின்ல நின்னவன். எனக்கு ஒழச்சவனுக்கு நான் குடுக்காம எவன் குடுப்பான்?"

சொல்லி முடித்த பிறகும், மாமு தன் ஆள்தான் என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டது அவருக்குத் தெரியவில்லை. தான் தர்மவான் என்பதை நிலைநாட்டிவிட்ட திருப்தியோடுதான் நின்றார். அவருடைய வக்கீல் மெதுவாக உட்கார்ந்தார். ஆணையர் தட்டச்சு செய்பவரிடம், "சாட்சி சொன்னபடியே அடிங்க" என்றார். தட்டச்சுச் சத்தம் கேட்கக் கேட்கத்தான் வாஜித் தன் வக்கீலைப் பார்த்தார். அதன்பின் மாமுவைப் பார்த்தார். மாமு தலையைக் குனிந்துகொண்டார். தவறு செய்து பிடிபட்டவர் போல இருந்தது. மாமியின் கை என் கையைப் பிடித்திருந்தது.

உத்தரவுக்கு நாள் குறிக்காமல் ஒத்திவைத்தார்கள். போன் அடித்தால் மாமி தையல் மெஷினை நிறுத்தினாள். ஒன்றுமில்லை என்றால் மறுபடி மிதித்தாள். தொழுகைக்குப் போன இடத்தில் வாஜித் வேறு வரிசைக்கு மாறி நின்றதாக மாமு சொன்னார். அன்று அவர் சாப்பிடவில்லை.

ஒரு மத்தியானம் நான் மாமு வீட்டில் இருந்தபோது அன்புக்கரசியே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஆர்டர் ஆயிருச்சு. தொழிலாளிதான்னு எழுதிட்டாரு. நோயும் வேலையால வந்ததுதான்னு ஒத்துக்கிட்டாரு. ஒரு மாசத்துல பணத்தைக் கட்டணும். அப்பீல் போறதா இருந்தாலும் கட்டிட்டுத்தான் போகணும். இஷாக் பாய், கேக்குதா?"

மாமி அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி அழுதாள். மாமு போன் பக்கம் குனிந்து, "வாஜித்துக்குச் சொல்லியாச்சாம்மா?" என்றார்.

"அவர் வக்கீலுக்குக் காப்பி போயிரும்."

"காப்பி எப்பம்மா போகும்?"

"நாளைக்கோ மறுநாளோ."

போனை வைத்ததும் மாமு எழுந்து சட்டையை மாட்டினார்.

"எங்க கெளம்பிட்டீக?"

"ஒரு எட்டு ஷாப்புக்குப் போயி சொல்லிட்டு வாரேன்."

"யார்ட்ட? அவுகட்டயா?" மாமி கண்ணைத் துடைத்த கையோடு வாசலை மறித்தாள். "உங்களக் கண்டா வரிசை மாறி நிக்கிற ஆள்ட்டயா?"

"வக்கீலு வாயில கேட்டான்னா வருத்தப்படுவான்டி. நம்ம வாயில கேட்டான்னா..." முடிக்க மூச்சு வரவில்லை. அவளை மெதுவாக விலக்கிவிட்டு இறங்கினார்.

"ஏ ஷமா, படிச்சவதான நீ? தடுத்துச் சொல்லேன் புள்ள!"

பம்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். பெரிய ரோட்டுக்கு வந்ததும் மாமு கரன்ட் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். தோள்கள் ஏறி ஏறி இறங்கின. பம்பை எடுத்துக் கொடுத்தேன். அடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"உள்ள போனதும் மொத வார்த்த என்னன்னு சொல்லணும் ஆத்தா?" என்று கேட்டார். "நீதான எல்லாம் எழுதுன?"

எதிரே ஓர் ஆட்டோ வேகத்தைக் குறைத்து எங்களைப் பார்த்தது. வேண்டாம் என்று கை காட்டப் போனேன். அதற்குள் மாமு ஏறி உட்கார்ந்து, எனக்காக ஓரமாக ஒதுங்கிக்கொண்டார்.